முதலாளிக்குச் சலுகை, கல் உடைப்பவருக்குக் கடன்

2025 ஏப்ரலில் தமிழ்நாட்டில் ஒரு வேலைநிறுத்தம் நடந்தது. நடத்தியவர்கள் கல் குவாரி, கிரஷர் முதலாளிகள். கனிம நிலங்கள் மீது அரசு போட்ட புதிய வரியையும், கன மீட்டர் கணக்கை மெட்ரிக் டன் கணக்காக மாற்றியதையும் எதிர்த்து ஏப்ரல் 16-ஆம் தேதி குவாரிகளை இழுத்து மூடினார்கள். ஜல்லி வரவில்லை, எம்-சாண்ட் வரவில்லை, கட்டட வேலைகள் நின்றன. அமைச்சர் கூப்பிட்டுப் பேசினார். டன்னுக்கு 60 ரூபாய் என்றிருந்த கட்டணம், எளிய வகைக் கட்டுமானக் கல்லுக்கு 33 ரூபாயாக இறங்கியது. இரண்டு வாரத்துக்குள் குவாரிகள் திறந்துகொண்டன.

முதலாளிக்குக் கஷ்டகாலம் வந்தால் நாட்டில் நடப்பது இது. சங்கம் உண்டு, பேச்சுவார்த்தை உண்டு, சலுகை உண்டு.

அந்த நாட்களில் கல் உடைக்கும் குடும்பங்கள் என்ன சாப்பிட்டன? நாங்கள் படித்த செய்திகளில் டன் கணக்கு இருந்தது, யூனிட் விலை இருந்தது, கட்டுமான நிறுவனங்களின் நஷ்டம் இருந்தது. குவாரித் தொழிலாளியின் கூலி பற்றி ஒரு வரி கண்ணில் படவில்லை. லோடு கணக்கில் கூலி வாங்குகிறவருக்கு லோடு போகாத நாள் கூலி இல்லாத நாள். ஆனால் அரிசிக்கும் எண்ணெய்க்கும் அந்த நாளிலும் பாக்கி ஏறும். அந்தக் கூலியைக் கொடுங்கள் என்று எந்தப் பேச்சுவார்த்தை மேசையில் யார் கேட்டார்கள்?

குவாரிகள் திறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. மே 20-ஆம் தேதி சிவகங்கை மாவட்டம் சிங்கம்புணரி அருகே மல்லாக்கோட்டைக் குவாரியில் பாறை சரிந்தது. ஐந்து பேர் அன்றே செத்தார்கள். அவர்களில் ஒருவர் ஒடிசாவிலிருந்து வந்தவர். அரசு நிவாரணம் அறிவித்தது. குவாரித் தொழிலாளி தலைப்புச் செய்தி ஆவதற்கு இந்த நாட்டில் ஒரே வழிதான் இருக்கிறது. அவர் மீது மலை விழ வேண்டும்.

தோழர்களே, நாங்கள் பென்னலூர்ப் பக்கத்திலிருந்து எழுதுகிறோம். உங்களில் பலர் இங்கே பொறியியல் படிக்கிறீர்கள். சிமெண்ட் ஒன்று, மணல் இரண்டு, ஜல்லி நான்கு என்று கலவைக் கணக்குப் படித்திருப்பீர்கள். ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம், ஒரகடம் வரை கட்டிய ஒவ்வொரு தொழிற்சாலைச் சுவரிலும் அந்த நான்கு பங்கு இருக்கிறது. உத்திரமேரூர், வாலாஜாபாத் பக்கத்து மலைகளைக் குடைந்து டிப்பர் லாரிகள் கொண்டுவந்த கல் அது. கார் எத்தனை ஏற்றுமதி, செல்போன் எத்தனை ஏற்றுமதி என்று அரசு மார்தட்டும். கல் உடைத்த குடும்பம் எத்தனை என்ற கணக்கு அந்தப் பெருமையில் வராது.

அந்தக் குடும்பத்தைப் பிடித்து வைத்திருப்பது எது? முன்பணம். பேச்சில் 'அட்வான்ஸ்'.

கல்யாணம், பிரசவம், ஆஸ்பத்திரி, மழை பொய்த்த வருஷம் என்று ஏதோ ஒன்றுக்குப் பணம் தேவைப்படும். மேஸ்திரி வந்து ஒரு தொகையைக் கையில் வைப்பார். குடும்பத்தோடு லாரி ஏற வேண்டும். புருஷன் குழியில் துளை போட்டு வெடித்த கல்லைப் பிளப்பார், பெண்டாட்டி உடைப்பார், பிள்ளை அள்ளிப்போடும். கூலி எழுதுவது மட்டும் ஒரு பெயரில். வாரச் செலவுக்குக் கொஞ்சம் கொடுத்து மீதியை அட்வான்ஸில் கழிப்பதாகச் சொல்வார்கள். நோட்டு முதலாளியிடம் இருக்கும். அக்டோபரில் மழை பிடித்தால் குழியில் தண்ணீர் நிற்கும், வேலை நிற்கும், செலவுக்கு மறுபடியும் அட்வான்ஸ். மார்க்கெட் மந்தம் என்றால் கூலியைக் குறைப்பார்கள், அதற்கும் மறுபடியும் அட்வான்ஸ். நல்ல காலத்தில் லாபம் முதலாளிக்கு, கெட்ட காலத்தில் கடன் தொழிலாளிக்கு. வேறு குவாரிக்குப் போக வேண்டுமானால் புது முதலாளி பழைய முதலாளியிடம் பாக்கியைக் கட்டி குடும்பத்தை எடுத்துக்கொள்வார். ஆள் கை மாறுவார், கடன் கூடவே வரும்.

இது தமிழனுக்குப் புதிய கதையா? இலங்கை தேயிலைத் தோட்டங்களுக்குப் போன நம் பாட்டன் பாட்டிகளைக் கங்காணிகள் இதே மாதிரி முன்பணத்தில்தான் கட்டினார்கள். இவ்வளவு கடனைத் தீர்த்தால் இந்த ஆட்களை விடுவிப்பேன் என்று ஒரு தோட்டக்காரன் எழுதிக்கொடுக்கும் சீட்டுக்கு 'துண்டு' என்று பெயர். துண்டைக் காட்டி, கடனைக் கட்டி, இன்னொரு தோட்டம் ஆட்களை வாங்கிக்கொண்டது. அப்படிப் போனவர்களில் பெரும்பகுதி நிலமில்லாத ஒடுக்கப்பட்ட சாதி மக்கள். வெள்ளைக்காரன் ஆண்ட சிலோனிலேயே 1921-இல் துண்டு முறையைச் சட்டம் போட்டு ஒழித்தார்கள். நூறு வருஷம் கழித்தும் நம் குவாரிகளில் சீட்டு இல்லாத துண்டு நடக்கிறது.

"அவங்க விருப்பப்பட்டு வந்தாங்க, வாங்கின கடனைக் கட்ட வேண்டாமா?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நம் நண்பர்களே கேட்கிறார்கள். பதிலைச் சட்டமே சொல்கிறது. அரசமைப்புச் சட்டத்தின் 23-ஆவது உறுப்பு கட்டாய உழைப்பைத் தடை செய்கிறது. 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி கொத்தடிமைக் கடன் செல்லாது, அதைக் கட்டவே வேண்டியதில்லை. அது கொத்தடிமைக் கடன் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பை அந்தச் சட்டத்தின் 15-ஆவது பிரிவு கடன் கொடுத்தவன் தலையில் வைக்கிறது. ஹரியானாவின் பரீதாபாத் கல் குவாரிகளில் வெளிமாநிலத் தொழிலாளர் படும் பாட்டைப் பற்றி பந்துவா முக்தி மோர்ச்சா உச்சநீதிமன்றம் போனது. 1983 டிசம்பரில் நீதிபதி பகவதி அமர்வு தெளிவாகத் தீர்ப்புச் சொன்னது: ஒருவரிடம் கட்டாய வேலை வாங்குவது தெரிந்தால், அதன் பின்னால் முன்பணம் இருக்கிறது, அவர் கொத்தடிமை என்றே நீதிமன்றம் ஊகிக்கும்; மறுப்பவர்தான் ஆதாரம் காட்ட வேண்டும்.

நாற்பது வருஷம் ஆகிவிட்டது. இன்றும் நடப்பது தலைகீழ். ரசீது எங்கே, சாட்சி எங்கே என்று எழுதப் படிக்கத் தெரியாத தொழிலாளியைத்தான் கேட்கிறார்கள். உச்சநீதிமன்றம் நியமித்த ஆணையம் 1995-இல் தமிழ்நாட்டில் பத்து லட்சத்துக்கு மேல் கொத்தடிமைகள் இருப்பதாக அறிக்கை கொடுத்தது. நம் காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே, கோனேரிக்குப்பத்தில், மரம் வெட்டும் இடத்தில் சிக்கியிருந்த இருளர் குடும்பங்களை 2019 ஜூலையில் மீட்டார்கள். மீட்க வந்த அதிகாரியின் காலில் ஒரு முதியவர் விழுந்த படத்தை நாடே பார்த்தது. அவருக்குக் கிடைத்தது அவருடைய உரிமை. உரிமைக்காக ஒரு மனிதர் காலில் விழுகிறார் என்றால், அதுவரை அந்த உரிமையை யார் அவர் கண்ணில் காட்டாமல் வைத்திருந்தார்கள்?

இப்போது சாதிக்கு வருவோம். கல் உடைப்பது பரம்பரைத் தொழிலாகச் சுமத்தப்பட்ட மக்கள் கர்நாடகத்தில் போவி என்ற பெயரில் பட்டியல் சாதியில் இருக்கிறார்கள். ஓசூரைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தால் போயர், ஒட்டர். இங்கே அவர்கள் பட்டியல் சாதியில் இல்லை. சம்மட்டி அதேதான், நுரையீரலில் படியும் தூசி அதேதான், காகிதம் மட்டும் வேறு. ஒடிசாவின் பலாங்கீர், நுவாபடா பக்கத்திலிருந்து வரும் குடும்பங்களில் பெரும்பாலானவர்கள் தலித்துகளும் ஆதிவாசிகளும். சொந்த ஊரில் அவர்களுக்குச் சாதிச் சான்றிதழ் உண்டு. ஆனால் ஒரு மாநிலத்தின் பட்டியல் சாதிச் சலுகையை இன்னொரு மாநிலத்தில் கேட்க முடியாது என்று உச்சநீதிமன்றம் 1990-லேயே சொல்லிவிட்டது. ஆக, சாதி எல்லை தாண்டி வருகிறது, பாதுகாப்பு எல்லையில் இறங்கிவிடுகிறது.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் மட்டும் அப்படி எல்லையில் இறங்கிவிடாது என்று மும்பை உயர்நீதிமன்றத்தின் முழு அமர்வு 2023-இல் தீர்ப்பளித்தது. பட்டியல் சாதி, பழங்குடி மக்களிடம் கொத்தடிமை வேலை வாங்குவது அந்தச் சட்டத்தில் குற்றம். இங்கே எந்தக் குவாரி வழக்கிலும் இதைக் கையில் எடுத்து வாதாட வேண்டும். சட்டம் படிக்கும் தோழர்களே, இது உங்கள் வேலை.

ஒரு கசப்பான விஷயத்தையும் பேசியாக வேண்டும். நம் சேரிப் பையன்களின் வாயிலும் 'வடக்கன்' என்ற சொல் புரள்கிறது. "அவனால்தான் நமக்குக் கூலி குறையுது" என்கிறார்கள். கூலியைக் குறைப்பவன் யார்? அட்வான்ஸில் கட்டிய ஆளைப் பாதிக் கூலிக்கு வேலை வாங்கி, அதைக் காட்டி உன் கூலியையும் இறக்குகிறவன். அவனை விட்டுவிட்டு, கட்டப்பட்டவனைத் திட்டினால் லாபம் யாருக்கு? சேலத்திலிருந்தும் தருமபுரியிலிருந்தும் நம் மக்கள் கேரளத்துக்கும் கர்நாடகத்துக்கும் கல் உடைக்கப் போனவர்கள்தான். அங்கே அவர்களைப் 'பாண்டி' என்று ஏளனம் செய்தபோது நமக்கு வலித்தது. அந்த வலி ஒரு பக்கத்துக்கு மட்டும் இருக்கக் கூடாது.

வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்க 706 கோடி ரூபாய்ச் செலவில் அரசு விடுதி கட்டி 2024 ஆகஸ்டில் திறந்தது. நல்ல காரியம். அதுவும் சும்மா வரவில்லை. 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாடு விஷமாகிப்போனதற்காக அந்தப் பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள், நாடு திரும்பிப் பார்த்தது. 2024-இல் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் 37 நாள் சங்கத்துக்காக நின்றார்கள். குவாரிக் குடும்பம் சாலையில் உட்கார முடியாது. உட்கார்ந்தால் அன்று சோறு இல்லை, குடிசையும் முதலாளி இடத்தில். அதனால்தான் அவர்களுக்காக வெளியிலிருந்து முதலில் போக வேண்டியவர்கள் நாம்.

2017-இலும் 2019-இலும் சென்னை தண்ணீருக்குத் தவித்தபோது குன்றத்தூர்ப் பக்கம் சிக்கராயபுரத்தின் கைவிடப்பட்ட குவாரிக் குழிகளிலிருந்து நீர் எடுத்துச் சுத்திகரித்துக் கொடுத்தார்கள். கல் உடைத்தவர் தோண்டிய குழியின் தண்ணீரை நகரம் குடித்தது. அந்தக் குழியைத் தோண்டியவருக்கு என்ன ஆனது என்று நகரம் கேட்கவில்லை.

இருந்த சட்டமும் தேய்கிறது. 1979-ஆம் ஆண்டின் மாநிலம் விட்டு மாநிலம் பெயரும் தொழிலாளர் சட்டம் ஐந்து பேர் இருந்தாலே செல்லும். இடப்பெயர்வுப் படியும் அதில் இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த தொழிலாளர் தொகுப்புச் சட்டத்தில் அந்த ஐந்து, பத்து ஆகிவிட்டது. இடப்பெயர்வுப் படி காணாமல் போனது. ஒரு மேஸ்திரிக்குக் கீழே எட்டுப் பேர் என்று காட்டித் தப்பிப்பது குவாரிக்காரருக்குச் சிரமமா?

ஆகவே எங்கள் கோரிக்கைகள்: குவாரி உரிமம் கொடுக்கும்போதும் புதுப்பிக்கும்போதும் தொழிலாளர் பட்டியல், கூலிப் பதிவேடு, முன்பணக் கணக்கு மூன்றையும் மாவட்ட ஆட்சியர் கேட்டு வாங்க வேண்டும். குவாரி எந்தக் காரணத்துக்காக மூடினாலும், அது முதலாளிகளின் வேலைநிறுத்தமே ஆனாலும், அந்த நாட்களுக்குக் கூலி கொடுக்க வேண்டும். சிலிக்கோசிஸ் நோய்க்கு ராஜஸ்தான் 2019-இல் கொள்கை வகுத்தது: நோய் உறுதியானால் 3 லட்சம், இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம். தமிழ்நாடு அதற்குக் குறையாமல் தர வேண்டும்.

கோரிக்கை எழுதுவதோடு நம் வேலை முடியாது. கல் உடைப்பவர்களைக் கட்டுமானத் தொழிலாளர் நலவாரியத்தில் பதிவு செய்ய முடியும். படிவம் நிரப்ப ஆள் வேண்டும். வெளிமாநிலக் குடும்ப அட்டைக்கு இங்கேயே ரேஷன் வாங்கலாம் என்று அவர்களுக்குச் சொல்ல ஆள் வேண்டும். ஒடியா, இந்தி, தெலுங்கு தெரிந்த தோழர்கள் வேண்டும். கொத்தடிமை என்று தெரிந்தால் விடுவிப்புச் சான்று வாங்கும்வரை ஆட்சியர் அலுவலகத்தை விட்டு நகராதவர்கள் வேண்டும். அந்தச் சான்று கையில் இருந்தால்தான் உடனடி நிவாரணம் கிடைக்கும், கடன் ஒழியும்.

வைஸ்ராய் அவையில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த பாபாசாகேப் 1943 டிசம்பரில் தன்பாத் நிலக்கரிச் சுரங்கங்களுக்கு நேரில் போய்ப் பார்த்தார். டெல்லியில் உட்கார்ந்து கோப்பு படித்தால் போதும் என்று நினைக்கவில்லை. அவர் படத்தை விடுதி அறையில் மாட்டியிருக்கும் நமக்கு உத்திரமேரூர் எத்தனை தூரம்? பஸ் இருக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமையே கிளம்புங்கள்.