கொட்டப்பட்டு முகாமும் பொதுஜன க்ஷேமமும்

திருச்சிராப்பள்ளி நகரின் ஓரத்தில், விமான நிலையத்துக்குச் சமீபத்தில், கொட்டப்பட்டு முகாம் இருக்கிறது. இலங்கையில் 1983-இல் நடந்த படுகொலைகளுக்குப் பின் அலையலையாக ஓடிவந்த தமிழரில் பலர் அங்கே வசிக்கின்றனர். 2021-இல் தமிழ்நாட்டுச் சர்க்கார் இத்தகைய இடங்களுக்கு ‘மறுவாழ்வு முகாம்’ என்று புதுப் பெயர் சூட்டினர். பெயர் மாறியது, சட்டத்தின் கண்ணில் அவர்களுடைய நிலைமை மாறவில்லை. கியூ பிரிவுப் போலீஸாரின் கண்காணிப்பும் ஆஜர்க் கணக்கும் நீங்கினபாடில்லை.

இம்மக்களின் ஜீவனம் பெரும்பாலும் தினக்கூலி. திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் எழும் புது வீடுகளுக்கு வர்ணம் பூசுவோரில் முகாம் வாலிபர்களும் உண்டு. வெளியூரில் வேலை கிடைத்தாலும், கணக்கெடுக்கும் நாளில் முகாமில் நிற்கவேண்டும். அத்தகையவனுடைய கூலியை ஒரு மேஸ்திரி பிடித்துக்கொண்டால் அவன் யாரிடம் முறையிடுவான்? தன்னைக் காக்கவேண்டிய போலீஸாரே தன்னைக் கணக்கெடுப்பவராகவும் இருக்கும்போது, ஸ்டேஷன் படியேற அவன் கால் கூசாதா? கூலி மோசடியும், வீதியில் கண்ட குற்றமும், வீட்டுப் பெண்களுக்கு நேர்ந்த அவமானமும் அவன் வாய்க்குள்ளேயே அடங்கிப்போகும். சாட்சி சொல்ல அஞ்சுவோர் நிறைந்த ஊரில் துஷ்டனுக்கே லாபம். மலிவாக ஏமாற்றக்கூடிய ஒரு கூட்டம் இருந்தால், உள்ளூர்த் தொழிலாளியின் கூலியும் அதனோடு தாழும்.

1991-இல் ஸ்ரீபெரும்புதூரில் நடந்த கொடுமையைத் தேசம் மறக்கவில்லை, நாமும் மறக்கவில்லை. குற்றவாளியைக் கண்காணிப்பதை யாரும் ஆட்சேபிக்கவில்லை. ஆனால் சிலர் செய்த குற்றத்துக்காக, இங்கேயே பிறந்த குழந்தைகளையும் சந்தேகக் கண்ணோடு பார்ப்பது நியாயமாகாது.

2025 மே மாதத்தில், தண்டனை அனுபவித்த ஓர் இலங்கைத் தமிழரின் மனுவைத் தள்ளியபோது, இந்தியா ஒரு தர்மசத்திரமல்ல என்று சுப்ரீம் கோர்ட்டு கூறியது. மரியாதையுடன் ஒன்று சொல்வோம். சத்திரத்துக்கு வருபவன் சில நாள் தங்கி, மூட்டை கட்டிப் போய்விடுவான். நாற்பது வருஷமாக உழைத்துப் பேரன் பேத்தி கண்டவர்களை வழிப்போக்கர் என்று எவ்விதம் அழைப்பது? இவர்களில் பலர், 1964-ஆம் வருஷத்துச் சாஸ்திரி-ஸ்ரீமாவோ ஒப்பந்தத்துக்குப் பின்னும் பிரஜாவுரிமை கைகூடாத தோட்டத் தொழிலாளரின் சந்ததியார். நம் ஜில்லாக்களிலிருந்து கப்பலேறியவர்களின் பேரர் அவர்கள்.

வழி இல்லாமலில்லை. 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்மணிக்குப் பாஸ்போர்ட்டு வழங்குமாறு 2022-இல் ஹைகோர்ட்டின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. 1987 ஜூலைக்கு முன் இங்கு பிறந்தவர் பிரஜையே என்பதுதான் சட்டம். கொட்டப்பட்டில் வசித்த அவர் 2024-இல் வோட்டும் போட்டார். 2015 ஜனவரி 9-க்குள் வந்து பதிவு செய்துகொண்டவரைப் பாஸ்போர்ட்டு, விசா இல்லாமைக்காகத் தண்டிப்பதில்லை என்று 2025 செப்டம்பரில் மத்திய சர்க்கார் உத்தரவு பிறப்பித்தனர். அதை வரவேற்கிறோம். ஆயினும் தண்டனையிலிருந்து விலக்கு வேறு, உரிமை வேறு.

நாம் கேட்பது மூன்றே. முகாம் கணக்கைப் போலீஸாரிடமிருந்து எடுத்து ரெவினியூ அதிகாரிகளிடம் ஒப்புவிக்கவேண்டும். கூலிக்காகவோ குற்றத்துக்காகவோ முறையிட வருபவரிடம் முதலில் பத்திரம் கேட்கலாகாது. சட்டப்படி பிரஜைகளானவரைச் சர்க்காரே தேடிச் சென்று பதிவு செய்யவேண்டும். ஒவ்வொருவரும் கோர்ட்டுப் படியேறக் காத்திருப்பது ராஜ்ய தர்மமல்ல. அஞ்சாமல் ஸ்டேஷனுக்குள் நுழையும் ஏழையே ஊருக்கு முதற் காவல் என்பதைச் சர்க்கார் உணர்வார்களாக.