சேதமடைந்தன என்னும் சொல்

கிள்ளானில் ஒரு வரிசை வீடு எரிந்தாலும், ஷா ஆலத்தில் ஒரு குடியிருப்பு முழுவதும் நீரில் அமிழ்ந்தாலும், மறுநாள் காலையில் வாசலில் வந்து விழும் பத்திரிகை அந்தச் சம்பவத்தைச் சொல்லும் பாஷை ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கிறது: இத்தனை வீடுகள் சேதமடைந்தன, இத்தனை வாகனங்கள் நாசமாயின, நஷ்டம் இத்தனை வெள்ளி. இலக்கணப்படி இதில் பிழையேதும் இல்லை. ஆயினும் ஒரு குடும்பம் முப்பது ஆண்டுகளாகச் சேர்த்ததை ஒரே இரவில் பறிகொடுத்த கதையைச் சொல்ல வந்த வாக்கியத்தில், பறிபோன பொருள் இன்னதென்பதும் இல்லை, பறிபோகக் காரணம் இன்னதென்பதும் இல்லை. இவ்விரண்டும் இல்லாதது அரைச் செய்தி என்பதே என் அபிப்பிராயம்.

தமிழ் வினைச்சொற்களுக்குத் தன்வினை, பிறவினை என்ற பேதம் உண்டென்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். சுவர் இடிந்தது என்பது தன்வினை. சுவரை இடித்தார்கள் என்பது பிறவினை. ஒலியளவில் சிறிய வித்தியாசந்தான்; ஆனால் முன்னதில் கர்த்தா மறைந்துபோய், சுவரே தன் விருப்பப்படி விழுந்துவிட்டாற்போல் ஆகிவிடுகிறது. எரிந்தது, மூழ்கியது, சேதமடைந்தது என்று தன்வினையிலேயே எழுதிப் பழகிய கை, 'ஏன்' என்ற கேள்வி எழ வேண்டிய இடத்தில் முற்றுப்புள்ளியை வைத்துவிடுகிறது.

2021 டிசம்பர் 18 சனிக்கிழமையை எடுத்துக்கொள்வோம். ஒரு மாதத்தில் பெய்ய வேண்டிய மழை ஒரு நாளில் கொட்டியதில், கிள்ளான் ஆற்றை ஒட்டிய தாழ்நிலத்தில் அமைந்த ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியது. மாடியிலும் கூரையிலும் ஏறி நின்ற ஜனங்கள் படகுக்காக நெடுநேரம் ஏங்கிக் காத்திருந்தார்கள். நூறாண்டுக்கு ஒருமுறை நேரும் மழை என்று அதிகாரிகள் சொன்னதைப் பத்திரிகைகள் எழுதின. அந்தப் பருவத்து வெள்ளங்களால் நாடு முழுவதற்கும் ஏற்பட்ட நஷ்டம் 610 கோடி வெள்ளி என்றும், அதில் சிலாங்கூரின் பங்கு மட்டும் 310 கோடி என்றும், குடியிருப்பு வீடுகளின் நஷ்டம் 160 கோடி என்றும் அடுத்த மாதம் புள்ளிவிவரத் துறை கணக்குக் கொடுத்தது. இந்தக் கணக்கு அவசியமானது. எங்கே எவ்வளவு உதவி போக வேண்டுமென்று நிர்ணயிக்க இது ஓர் ஆதாரம். ஆனால் விலைச்சீட்டு உள்ள பொருளே கணக்கில் ஏறும்.

நீர் வடிந்தபின் அந்தத் தெருக்களில் நடந்தபோது, ஆளுயரத்துக்கு மேல் சுவரில் படிந்திருந்த சேற்றுக் கோட்டையும், குப்பை லோரிக்காக வாசல்தோறும் குவித்திருந்த மெத்தைகளையும் பார்த்தேன். ஒரு வீட்டின் முன் ஓர் அம்மா, சட்டத்திலிருந்து கழற்றிய பழைய புகைப்படம் ஒன்றைக் குழாயடியில் மெல்லக் கழுவிக்கொண்டிருந்தார். உருவங்கள் கரைந்து வெறும் மஞ்சள் கறையாக இருந்தன. "படம் போனாப் போகுது தம்பி. பின்னால எங்கப்பா கைப்பட எழுதியிருந்த தேதி போச்சே" என்றார். 160 கோடியில் அந்தத் தேதிக்கு இடமில்லை. அதற்கு விலை போட முடியாதுதான். ஆனால் அதைப் பெயர் சொல்லி எழுதுவதற்கு நிருபருக்கு ஒரு வரி போதும்.

தீ விபத்துச் செய்திகளில் வேறொரு வழக்கம் உண்டு: வீடு 80 விழுக்காடு அழிந்தது என்று எழுதுகிறோம். இது தீயணைப்பு வீரர் கட்டடத்தைப் பார்த்துச் சொல்லும் அளவு. மீந்த 20 விழுக்காடு பெரும்பாலும் தூணும் தரையுமாக இருக்கும். பிள்ளையின் பள்ளிச் சீருடையும், பிறப்புச் சான்றிதழும், சுவாமி அலமாரியும் எரிந்துபோன பகுதியில் இருக்கும். எஞ்சியதை வைத்து அந்தக் குடும்பம் ஒரு வேளை உலை வைக்க முடியுமா என்பதை விழுக்காடு சொல்வதில்லை.

விசாரணை முடியுமுன் காரணம் கூறுவது ஒருவர்மீது பழி சுமத்துவதாகாதா என்று கேட்கலாம், நியாயமான கேள்வி. 2025 ஏப்ரல் 1 அன்று, நோன்புப் பெருநாளின் இரண்டாம் நாள் காலையில், பூத்ரா ஹைட்ஸில் பெட்ரோனாஸ் எரிவாயுக் குழாய் வெடித்து வானளாவ எழுந்த தீயில் வீடுகளும் வாகனங்களும் கருகியபோது, அன்றே காரணம் எழுத எவராலும் இயன்றிராது. ஆனால் ஏறக்குறைய மூன்று மாதம் கழித்து, குழாயைத் தாங்கிய மண்ணின் பலவீனமே காரணம், நாசவேலைக்கு அறிகுறியில்லை என்ற விசாரணை முடிவு வெளியானது. தீச்சுவாலையின் படத்தை மறவாத வாசகர்களில் அந்த முடிவை நினைவில் வைத்திருப்பவர்கள் எத்தனை பேர்? காரணம் தெரியாத நாளில், 'தெரியவில்லை, இன்னார் விசாரிக்கிறார்கள்' என்று எழுதுவதும், தெரிந்த நாளில் அதே முக்கியத்துவத்தோடு திரும்பி வந்து எழுதுவதுமே பத்திரிகை தர்மம்.

காரணத்தைக் கண்டு சொல்வதால் என்ன பயன் என்பதற்குக் கோலாலம்பூரின் வரலாறே சான்று. 1881ஆம் ஆண்டில் முதலில் தீயும், பிறகு வெள்ளமும் அந்நகரத்தைச் சூறையாடின. மரத்தாலும் அத்தாப்பு ஓலையாலும் கட்டிய வீடுகளே அவ்வளவு அழிவுக்கு இடம் கொடுத்தன என்று கண்டு, மறு ஆண்டு சிலாங்கூரின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக வந்த ஃபிராங்க் ஸ்வெட்டன்ஹாம் செங்கல்லாலும் ஓட்டாலும் கட்ட வேண்டுமென்று பணித்தார். அந்தச் செங்கல்லைச் சுட்ட நிலந்தான், நம்மவர் இன்று பூ வாங்கவும் புடவை வாங்கவும் போகும் பிரிக்ஃபீல்ட்ஸ். நகரம் எரிந்தது என்பதோடு விஷயத்தை முடித்திருந்தால், மறுபடியும் அத்தாப்பே ஏறியிருக்கும், மறுபடியும் எரிந்திருக்கும்.

ஆகையால், நிருபர்களே, 'சேதமடைந்தன' என்று எழுதியதும் பேனாவை மூடிவிடாதீர்கள். எது போயிற்று, யாருடையது போயிற்று, எதனால் போயிற்று என்று இன்னும் மூன்று வரி எழுதுங்கள். வாசகர்களே, அந்த மூன்று வரி இல்லாத செய்தியைக் கண்டால் ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதிக் கேளுங்கள்.