மஞ்சள் பெட்டியும் பச்சைப் பெட்டியும்

தொண்ணூறுகளின் முற்பகுதியில் நான் பத்திரிகைத் துறைக்குள் காலடி எடுத்து வைத்தபோது, எமது காரியாலயத்தின் மேல்மாடியில் இருட்டறை ஒன்று இருந்தது. சிவப்பு மின்குமிழ், இரசாயனக் கரைசல்களின் நெடி, கயிற்றில் ஈரம் சொட்டத் தொங்கும் நெகற்றிவ்கள் என அது ஒரு தனி உலகம். அந்த உலகத்தின் அதிபதியாக இருந்தவர் எமது மூத்த படப்பிடிப்பாளர். ஒரு பிலிம் சுருளில் 36 படங்கள்தான். ஆகவே 36 தடவை சிந்தித்த பின்னரே விரல் அசைய வேண்டும் என்பார் அவர்.

2000 களின் நடுப்பகுதியில் அந்த அறை மூடப்பட்டது. உடைந்த நாற்காலிகளைப் போடும் களஞ்சியமாக அது மாறியது. அவருக்கு டிஜிட்டல் கமரா ஒன்று வழங்கப்பட்டதே தவிர, ஒருநாள் பயிற்சிகூட வழங்கப்படவில்லை. ஓராண்டுக்குள் அவர் விலகிச் சென்றார். காலத்திற்கேற்ப மாறவேண்டும் என்ற அறிவுரையை முகாமையாளர்கள் கூறக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த அறையே ஞாபகத்திற்கு வருகிறது.

எமது இருட்டறைக்கு வந்த பிலிம் பெட்டிகள் இரண்டு நிறத்தவை. மஞ்சள் பெட்டி அமெரிக்காவின் கொடாக். பச்சைப் பெட்டி ஜப்பானின் பியூஜி பிலிம். நமது நகரங்களின் ஸ்ரூடியோக்களின் பெயர்ப்பலகைகளும் இவ்விரு நிறங்களுக்குள் அடங்கிவிட்டிருந்தன. இரண்டும் ஒரே பண்டத்தை விற்றவை. ஒரே புயலை எதிர்கொண்டவை. அவற்றில் ஒன்று 2012 ஜனவரி 19 ஆம் திகதி நீதிமன்றத்தில் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரியது. மற்றையது மருந்து, மருத்துவக் கருவிகள், இலத்திரனியல் மூலப்பொருட்கள் எனப் பல துறைகளில் காலூன்றி இன்று முன்னரிலும் பெரிய நிறுவனமாக நிற்கிறது. இந்த வேறுபாடு எங்ஙனம் நேர்ந்தது?

கொடாக் புதுமை செய்யத் தவறியது, அதனால் அழிந்தது என்பதே பரவலாகக் கூறப்படும் விளக்கமாகும். இது உண்மையல்ல. கையில் எடுத்துச் செல்லக்கூடிய முதலாவது டிஜிட்டல் கமராவை 1975 இல் உருவாக்கியவர் ஸ்ரீவன் சசோன் என்ற இளம் பொறியியலாளர். அவர் கொடாக்கின் ஊழியர். ஏறத்தாழ மூன்றரை கிலோகிராம் நிறையுடைய அக்கருவி, ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை ஒலிநாடாவில் பதிவதற்கு 23 வினாடிகளை எடுத்துக்கொண்டது. 1991 இல் பத்திரிகைப் படப்பிடிப்பாளர்களுக்கென ஒரு தொழில்முறை டிஜிட்டல் கமராவைச் சந்தைக்குக் கொண்டுவந்ததும் அதே கொடாக்தான். 2005 இல் அமெரிக்காவில் டிஜிட்டல் கமரா விற்பனையில் முதலிடத்திலும் அது இருந்தது. இதற்குமேல் என்ன புதுமை வேண்டும்?

சிக்கல் வேறிடத்தில் இருந்தது. கொடாக்கின் வருமானம் கமராவில் தங்கியிருக்கவில்லை. ஒருவர் கமராவை ஒரு தடவைதான் வாங்குவார். பிலிமையும் படத்தாளையும் இரசாயனத்தையும் வாழ்நாள் முழுவதும் வாங்குவார். டிஜிட்டல் கமரா அந்தத் தொடர் வருமானத்தை அடியோடு அறுத்தது. எத்தனை டிஜிட்டல் கமராக்களை விற்றாலும் பிலிம் தந்த இலாபத்தை அவற்றால் ஈடுசெய்ய முடியவில்லை. சில ஆண்டுகளில் கைத்தொலைபேசி வந்து அந்தக் கமராக்களையும் விழுங்கிவிட்டது. ஆகவே கொடாக் இன்னும் முன்னதாகவே டிஜிட்டலுக்கு மாறியிருந்தால் பிழைத்திருக்கும் என்ற வாதமும் அரைகுறையானதே.

பியூஜி என்ன செய்தது? உலகில் பிலிம் விற்பனை உச்சத்தைத் தொட்ட 2000 ஆம் ஆண்டிலேயே ஷிகெதாகா கொமோரி அந்நிறுவனத்தின் தலைவரானார். அடுத்த சில ஆண்டுகளில் சந்தை சரியத் தொடங்கியபோது அவர் தமது பொறியியலாளர்களிடம் கேட்டது, 'இனி எதை விற்கலாம்?' என்ற கேள்வியை அல்ல. 'எமக்கு என்னென்ன தெரியும்?' என்பதையே அவர் கேட்டார். நிறுவனத்திற்குள் இருந்த தொழில்நுட்ப அறிவு முழுவதும் கணக்கெடுக்கப்பட்டது.

பிலிமின் பூச்சில் பெரும்பங்கு ஜெலற்றின். அது கொலாஜன் என்ற புரதத்திலிருந்து பெறப்படுவது. நமது தோலின் உறுதிக்கும் ஆதாரம் அதே புரதம்தான். படங்கள் மங்காமல் இருக்க ஒட்சியேற்றத்தைத் தடுக்கும் வித்தையையும் பியூஜி பல்லாண்டுகளாகக் கற்றிருந்தது. இவ்வறிவு தோல் பராமரிப்புப் பொருட்களாக மாறி, 2007 இல் அஸ்ராலிஃப்ற் என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. பிலிமின் அடித்தளமாக இருந்த மெல்லிய தாளை உற்பத்தி செய்த அனுபவம், தட்டையான தொலைக்காட்சி மற்றும் கணினித் திரைகளுக்கு இன்றியமையாத பாதுகாப்புப் படலமாக மாறியது. 2008 இல் தொயாமா என்ற மருந்து நிறுவனத்தையும் பியூஜி வாங்கியது. இவை அனைத்தும் கையில் பணம் இருந்த காலத்தில் எடுக்கப்பட்ட முடிவுகள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

இதே அறிவு கொடாக்கிடமும் இருந்தது என்பதுதான் இக்கதையின் சோகம். ஆனால் அதன் நிர்வாகம் தனது இரசாயனப் பிரிவை 1994 இல் தனி நிறுவனமாகப் பிரித்துவிட்டது. 1988 இல் ஐந்து பில்லியன் டொலருக்கு மேல் கொடுத்து வாங்கிய ஸ்ரேர்லிங் மருந்து நிறுவனத்தையும் அதே 1994 இல் விற்றுவிட்டது. 2007 இல் மருத்துவப் படிமப் பிரிவும் விற்கப்பட்டது. பிலிமைக் காப்பாற்றவும் கடனை அடைக்கவும், நாளைய வாழ்வுக்கு உதவக்கூடியவை ஒவ்வொன்றாகக் கைமாறின. விதைநெல்லை உண்டு பசியாறிய கமக்காரனின் கதைதான் இது.

பியூஜியின் வெற்றியையும் முழுமையாகப் புகழ்ந்துவிட முடியாது. 2006 அளவில் அங்கும் ஏறத்தாழ 5,000 பணியிடங்கள் வெட்டப்பட்டன. கொடாக்கின் தலைமையகமான ரொச்செஸ்ரர் நகரில் எண்பதுகளின் தொடக்கத்தில் 60,000 பேர் அந்நிறுவனத்தில் பணிபுரிந்தனர். வங்குரோத்தின்போது, ஓய்வுபெற்ற ஊழியர்கள் தமது மருத்துவக் காப்புறுதியையும் இழந்தனர். முகாமைத்துவ நூல்களில் 'மறுசீரமைப்பு' என்று ஒற்றைச் சொல்லில் முடிந்துவிடும் விடயத்திற்குப் பின்னால் எத்தனை குடும்பங்கள் இருக்கின்றன என்பதைப் பத்திரிகையாளர்களாகிய நாம் மறக்கலாகாது.

நமது பத்திரிகைத் துறைக்கு இக்கதை மிக நெருக்கமானது. 2022 மார்ச்சில், பொருளாதார நெருக்கடியின்போது அச்சுத்தாள் தட்டுப்பாட்டால், 'த ஐலண்ட்', 'திவயின' ஆகிய நாளிதழ்களின் சனிக்கிழமைப் பதிப்புகள் அச்சாகாமல் இணையத்தில் மாத்திரம் வெளியாகின. டொலர் இல்லை, ஆகவே தாள் இல்லை. தாள் இல்லையென்றால் நாம் யார் என்ற கேள்வி அன்று எல்லா ஆசிரிய பீடங்களின் முன்னும் நின்றது.

எமது தொழில் தாளில் மை பதிப்பது என்று எண்ணினால் எமது கதை முடிந்தது. எமக்குத் தெரிந்தது வேறு. நடந்ததை நேரிற் சென்று பார்ப்பது, இரு தரப்பினரிடமும் கேட்பது, பொய்யைக் களைவது, கிராமத்து மனிதனின் முறைப்பாட்டை அதிகாரியின் மேசைவரை கொண்டுசேர்ப்பது ஆகியவையே நமது ஜெலற்றின். ஆனால் நெருக்கடி வரும்போது நமது நிர்வாகங்கள் முதலில் கைவைப்பது எதில்? பிரதேச நிருபர்களின் சொற்பக் கொடுப்பனவில். அடுத்ததாக மெய்ப்பு நோக்குநர்கள். பின்னர் அனுபவம் வாய்ந்த உதவி ஆசிரியர்கள். அச்சுப் பக்கங்களை அப்படியே இணையத்தில் ஏற்றிவிட்டு, மாறிவிட்டோம் என்று திருப்திப்படுகிறோம். அறிவை விற்றுத் தாளைக் காப்பாற்றும் இந்த வழியில் கொடாக் எங்கு போய்ச் சேர்ந்தது என்பதை வரலாறு காட்டிவிட்டது.

எமது மூத்த படப்பிடிப்பாளரை அண்மையில் ஒரு மரணவீட்டில் சந்தித்தேன். செயற்கை நுண்ணறிவால் உருவாக்கப்பட்டு முகநூலில் சுற்றிக்கொண்டிருந்த ஒரு படத்தை என் கைத்தொலைபேசியில் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி ஒரு கணம் பார்த்தார். "வெளிச்சம் இடப்பக்கத்தால வருது தம்பி, நிழலும் இடப்பக்கத்தில விழுகுது. இது பொய்ப் படம்" என்றார்.

இன்று ஒவ்வொரு ஆசிரிய பீடத்திற்கும் தேவைப்படுவது அந்தக் கண்தான். இருட்டறையை மூடியது தவறல்ல. அதை எவராலும் தடுத்திருக்க முடியாது. அதற்குள் இருந்த மனிதருக்கு என்ன தெரியும் என்று ஒருவரும் கேளாமல் விட்டதே தவறு.