"11 பிள்ளைங்களுக்கு எதுக்கு டீச்சர் ஒரு பள்ளிக்கூடம்?"

கொஞ்சம் நீளமான பதிவு. வேலையெல்லாம் முடித்துவிட்டுப் பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் நம் பழைய மாணவர் வாட்ஸப் குழுவில் ஒரு வாக்குவாதம். 10 பிள்ளைகள், 15 பிள்ளைகள் என்று இருக்கிற ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளைப் பக்கத்து ஊர்ப் பள்ளியோடு சேர்த்துவிட்டால் என்ன என்று ஒரு தம்பி கேட்டார். "11 பிள்ளைங்களுக்கு எதுக்கு டீச்சர் ரெண்டு வாத்தியாரு, ஒரு கட்டடம், ஒரு சத்துணவுக்கூடம்? எல்லாம் நம்ம வரிப்பணம்தானுங்களே?" கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. படிக்கும்போதே கணக்கில் கெட்டிக்காரர். அதனால் கணக்காகவே பதில் சொல்கிறேன்.

முதலில் அவர் சொல்வதில் இருக்கும் நியாயம். கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு 2 ஆசிரியர்கள். வகுப்போ ஐந்து. அதில் ஒருவர் பயிற்சிக்கோ கூட்டத்துக்கோ போய்விட்டால் மிச்சமிருப்பவர் ஐந்து வகுப்பையும் கட்டி மேய்க்க வேண்டும். நான்காம் வகுப்பில் ஒரே ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கும். பேச்சுத் துணைக்கு ஆளில்லை, போட்டி போட ஆளில்லை, கபடி ஆட ஆளில்லை. இதையெல்லாம் மூடி மறைத்துவிட்டு "சின்னப் பள்ளிதான் சொர்க்கம்" என்று நான் எழுதினால் அது பொய். சில இடங்களில் இணைப்பதுதான் பிள்ளைக்கு நல்லது.

ஆனால் தம்பி, 11 என்பது கணக்கின் விடை. அந்த விடை எப்படி வந்தது என்று வழிமுறையைப் பார்க்காமல் நான் என்றைக்காவது மதிப்பெண் போட்டிருக்கிறேனா?

ஊரில் குழந்தை பிறப்பே குறைந்துவிட்டது, சரி. தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.4 குழந்தை என்று 2020ஆம் ஆண்டின் மத்திய அரசுக் கணக்கே சொன்னது. இது யாராலும் மறுக்க முடியாத காரணம். ஆனால் மற்ற காரணங்கள் மனிதர்கள் எடுத்த முடிவுகள்.

காலை ஏழரைக்கு நம் பக்கத்து எந்த ஊர் முக்கிலும் நின்று பாருங்கள். மஞ்சள் வேன்கள் வரிசையாக வரும். நாமக்கல் என்றால் முட்டை, லாரி, அடுத்தது பள்ளிக்கூடம் என்று தமிழ்நாடே சொல்லும் அளவுக்குத் தனியார் பள்ளிகள் வளர்ந்த மாவட்டம் நம்முடையது. 'பிராய்லர் பள்ளி' என்ற பட்டப்பெயரே நம் மண்ணை வைத்து வந்ததுதான். தனியார் பள்ளியில் 25 சதவீத இடங்களுக்கு அரசே கட்டணம் தரும் ஏற்பாடு 2013 முதல் நடக்கிறது. ஏழைப் பிள்ளைக்கு நல்லது என்று வந்த ஏற்பாடு. ஆனால் அரசுப் பள்ளிக்கு வரவேண்டிய பிள்ளையை அரசே காசு கொடுத்து அந்தப் பக்கம் அனுப்புகிறது. அப்புறம் எல்.கே.ஜி. மூன்று வயதில் வேன் ஏறிய பிள்ளை ஐந்து வயதில் இறங்கி நம் பள்ளிக்கு வராது. 2019 ஜனவரியில் நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கினார்கள். சின்ன ஊர்த் தொடக்கப் பள்ளிக்கு அந்த வாய்ப்பு வரவில்லை.

இதன் முடிவு எங்கே போய் நிற்கிறது? 2019 ஆகஸ்டில், ஒரு பிள்ளைகூட இல்லாத 46 பள்ளிகளை நூலகமாக்குவதாக அறிவித்தார்கள். 2025இல் ஏறத்தாழ 200 அரசுப் பள்ளிகளில் சேர்க்கையே இல்லை என்று செய்தி வந்தது. 11 பேர் இருக்கும் பள்ளியை அப்படியே விட்டுவைத்தால் நாளைக்கு அதுவும் அந்தப் பட்டியலில்தான்.

இப்போது முக்கியமான கேள்வி. மிச்சமிருக்கும் அந்த 11 பேர் யார்?

வேனுக்குக் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைகள். அருந்ததியர் தெருப் பிள்ளைகள். கோழிப்பண்ணையிலேயே தங்கி வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள். செங்கல் சூளைக்கு வந்தவர்களின் பிள்ளைகள். பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் தறி ஓட்ட வடநாட்டிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள். சொந்தக்காரர்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எல்லாப் பிள்ளையும் ஆங்கிலத்துக்காக மட்டும் வேன் ஏறவில்லை. "யார் பக்கத்துல உக்காரும், யார் கையால சாப்பிடும்" என்ற பேச்சு நம் வீட்டுத் திண்ணைகளில் மெதுவான குரலில் நடந்ததும் ஒரு காரணம். போகக்கூடியவர்கள் போய்விட்டார்கள். போக முடியாதவர்களைப் பார்த்து "நீங்க 11 பேர்தானே" என்று சொல்வது என்ன நியாயம்?

அடுத்து, தூரம். தமிழ்நாட்டின் 2011 கல்வி உரிமை விதிகள் தொடக்கப் பள்ளி 1 கிலோமீட்டருக்குள்ளும், ஆறு முதல் எட்டு வரைக்கு 3 கிலோமீட்டருக்குள்ளும் இருக்க வேண்டும் என்கின்றன. காகிதத்தில் அழகாக இருக்கிறது. சேலத்திலிருந்து நாமக்கல் வரும் தேசிய நெடுஞ்சாலை 44 ஓரமாக, ஆண்டகளூர் கேட்டிலோ புதுச்சத்திரத்திலோ ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். வடக்கே போகிற லாரி, தெற்கே போகிற ஆம்னி பஸ், நடுவில் தடுப்புச்சுவர். ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பள்ளி வரைபடத்தில் அரை கிலோமீட்டர்தான். ஆறு வயதுப் பிள்ளைக்கு அது வேறு நாடு. பாலம் இருக்கும் இடத்துக்குச் சுற்றிப் போனால் தூரம் எவ்வளவு ஆகும் என்று எந்தக் கோப்பிலும் எழுதுவதில்லை.

நம் பக்கத்து ஊர்களின் அமைப்பும் வேறு. தஞ்சாவூர்ப் பக்கம்போல வீடுகள் ஒட்டி ஒட்டி இருக்காது. ஆளுக்கொரு தோட்டத்துச் சாளை, நடுவில் சோளக்காடு, மரவள்ளிக்காடு. பள்ளி தள்ளிப் போனால் அந்தப் பிள்ளை தனியாகத்தான் நடக்கும். காலை உணவு 2023 ஆகஸ்டிலிருந்து எல்லா அரசுத் தொடக்கப் பள்ளியிலும் உண்டு. மணி அடிப்பதற்கு முன்பே பரிமாறிவிடுவார்கள். இரண்டு கிலோமீட்டர் நடந்து வரும் பிள்ளை அதற்குள் வந்து சேருமா? வயிற்றுக்கு யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்கே அது கிடைக்காமல் போகும். பெண்பிள்ளை என்றால் சொல்லவே வேண்டாம், "சின்னவனப் பாத்துக்கிட்டு ஊட்லயே இருக்கட்டும்" என்று ஒரு வார்த்தையில் படிப்பு முடிந்துவிடும்.

காமராசர் காலத்தில் 300 பேர் வாழும் ஊருக்கு ஒரு மைல் தூரத்துக்குள் ஒரு பள்ளி என்று வைத்தார்கள். கல்வி இயக்குநராக நெ. து. சுந்தரவடிவேலு இருந்தார். அன்றைக்கு நாடு இன்றைக்கு இருப்பதைவிடப் பரம ஏழை. ஆனாலும் பள்ளி பிள்ளையைத் தேடிப் போக வேண்டும் என்றார்கள். ஓராசிரியர் பள்ளியாக, கீற்றுக் கொட்டகையாகத் தொடங்கியவைதான் நீங்கள் படித்த பள்ளிகளில் பாதி.

சரி, இணைப்பதா வேண்டாமா என்று யார் முடிவு செய்வது? பெயர்ப் பலகையில் 'ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி' என்றுதான் இருக்கிறது. 1981 ஜூன் 1 முதல் ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியர்கள் ஆனோம். சேர்மனுக்குப் பிடிக்கவில்லை என்றால் தூக்கியடிக்கும் காலம் முடிந்தது. அதற்காக இன்றைக்கும் நன்றி உண்டு. ஆனால் அன்றிலிருந்து ஆசிரியர் கல்வித் துறை கையில், கட்டடமும் சுற்றுச்சுவரும் ஊரக வளர்ச்சித் துறை கையில். ஒரு கை புது வகுப்பறை கட்டுகிறது, இன்னொரு கை தலையை எண்ணிக் குறிப்பு எழுதுகிறது. இரண்டு கையும் ஒன்றையொன்று பார்ப்பதில்லை.

கேட்க வேண்டிய ஊராட்சியாவது இருக்கிறதா? நம் இரண்டு மாவட்டத்திலும் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுத்தவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்து, தனி அலுவலர்கள் வந்தார்கள். அதற்கு முன் 2016 முதல் 2019 வரையும் இதே கதைதான். 2024இல் நாமக்கல் மாநகராட்சி ஆனபோது சுற்றியிருந்த ஊராட்சிகளையும் சேர்த்தார்கள். நகரத்தோடு சேர்ந்த ஊருக்குக் கிராம சபை கிடையாது. இன்னொரு பக்கம், காட்டையெல்லாம் மனையாக்கி விற்கிறோம். மனைப்பிரிவுக்கு அனுமதி கொடுக்கும்போது ரோடு எத்தனை அடி, பூங்காவுக்கு இடம் எவ்வளவு என்று பார்க்கிறார்கள். அங்கே குடிவரும் 200 வீட்டுப் பிள்ளைகள் எந்தப் பள்ளிக்குப் போவார்கள் என்று யாரும் பார்ப்பதில்லை. அரைக் கிலோமீட்டரில் 11 பேரோடு ஒரு பள்ளி நிற்கும். மனைக்கும் பள்ளிக்கும் நடுவில் ஒரு மண்பாதைகூட இருக்காது.

2025 ஜூனில் உத்தரப் பிரதேசத்தில் 50 பேருக்குக் குறைவான பள்ளிகளை இணைக்க ஆணை போட்டார்கள். பெற்றோர் தெருவுக்கு வந்தார்கள், வழக்கு உயர் நீதிமன்றம் போனது. ஒரு மாதம் கழித்து, 1 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருப்பவற்றை இணைக்க மாட்டோம் என்று அரசே இறங்கி வந்தது. முதலிலேயே ஊரைக் கேட்டிருந்தால் இந்தப் பாடு எதற்கு? ஸ்காட்லாந்தில் 2010இல் இதற்கென்றே ஒரு சட்டம் செய்தார்கள். கிராமப் பள்ளியை மூடும் பேச்சை எடுத்தாலே வேறு வழி என்ன பார்த்தீர்கள், ஊர் என்ன ஆகும், பிள்ளை எப்படிப் போய் வரும் என்ற மூன்றுக்கும் உள்ளாட்சி மன்றம் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும். மூடுவதில்லை என்று முடிவானால் 5 வருடத்துக்கு மறுபடி பேச்சே எடுக்கக் கூடாது. பணக்கார நாடு என்று தள்ளிவிடாதீர்கள். மூன்று கேள்வி கேட்கக் காசு தேவையில்லை.

நான் கேட்பதும் அவ்வளவுதான். இணைக்கும் முன் கிராம சபையில் வையுங்கள். பிள்ளை நடக்கும் பாதையை அதிகாரி ஒரு முறை காலையில் நடந்து பாருங்கள். வண்டிக்கும் கூட வரும் ஆளுக்கும் ஏற்பாடு செய்துவிட்டு அப்புறம் பூட்டைப் போடுங்கள். நெடுஞ்சாலையைக் கடக்க வைத்து எந்தப் பள்ளியையும் இணைக்காதீர்கள்.

உங்களிடம் கேட்பது இரண்டு. ஒன்று, 2024இல் பள்ளி மேலாண்மைக் குழுக்களை மாற்றியமைத்தபோது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் கொடுத்தார்கள். உங்கள் ஊர்ப் பள்ளியில் அந்த இடத்தில் யார் இருக்கிறார் என்று விசாரியுங்கள். விழாவுக்கு ஃபேன் வாங்கித் தருவதோடு கடமை முடியவில்லை கண்ணு. இரண்டு, 2022 முதல் வருடத்துக்கு ஆறு கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தனி அலுவலர் காலத்திலும் கிராம சபை உண்டு. பெங்களூரிலும் திருப்பூரிலும் இருப்பவர்கள் நோம்பிக்கு வருகிற மாதிரி இதற்கும் ஒரு நாள் வாருங்கள்.

போகத் தயாராக இருப்பவர்கள் கீழே ஊர்ப் பெயரைப் போடுங்கள். தீர்மானம் எப்படி எழுதுவது என்று மாதிரி ஒன்று எழுதி வைத்திருக்கிறேன், அனுப்புகிறேன். எழுத்துப்பிழை இல்லாமல் நகல் எடுக்க வேண்டும், சொல்லிவிட்டேன்.