கலைக்கும் வருணாசிரமமா?

ஓசூருக்கும் பெங்களூருக்கும் இடையே 40 கிலோமீட்டர்தான். தினந்தோறும் நம்மவர்கள் ஆயிரக்கணக்கில் அத்திப்பள்ளியைத் தாண்டிப் போய் வருகிறார்கள். வேலைக்குப் போகிறவர் போகிறார்; ஆஸ்பத்திரிக்குப் போகிறவர் போகிறார்; கல்யாணத்துக்குப் புடவை எடுக்கவும், நேர்த்திக்கடன் செலுத்தவும் குடும்பத்தோடு போகிறவர்களுக்கும் குறைவில்லை. ஆனால் அந்நகரத்து அரண்மனை ரோட்டில் நம் எல்லோருடைய வரிப்பணத்திலும் நடைபெறும் மாளிகை ஒன்று இருக்கிறது. அதற்குள் நுழைந்து பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர் என்று கணக்கெடுத்தால் இரண்டு கை விரல்களே அதிகம். தேசிய நவீன கலைக்கூடம் என்னும் ஸ்தாபனத்தைத்தான் சொல்லுகிறோம். மத்திய சர்க்காரால் 2009ஆம் வருஷம் பிப்ரவரி 18ந் தேதி அது அங்கே திறக்கப்பட்டது.

சிப்காட்டில் லேத் ஓட்டும் தோழர் ஒருவரிடம், "ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வாருங்களேன்" என்று சொன்னோம். "அண்ணே, அதெல்லாம் படித்தவர்கள், பணக்காரர்கள் பார்க்கிற சமாச்சாரம். நமக்கு என்ன புரியப் போகிறது?" என்றார். இந்தப் பதிலைக் கேட்டு நமக்குக் கொஞ்சமும் ஆச்சரியம் உண்டாகவில்லை. "உனக்குப் புரியாது, புரிய வேண்டிய அவசியமும் இல்லை, தூரத்தில் நின்று கும்பிட்டு விட்டுப் போ" என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வளர்க்கப்பட்ட ஒரு ஜனசமூகம், இப்போது யாரும் சொல்லாமலேயே அதைத் தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறது. 0.01 மில்லிமீட்டர் பிசகாமல் இரும்பைக் கடைகிறவனுக்கு ஒரு படம் புரியாது என்றால் வேறு யாருக்கய்யா புரியும்?

முதலில் அது எவ்வித இடம் என்பதைத் தெரிந்துகொள்ளுவோம். இந்தக் கலைக்கூடம் 1954ஆம் வருஷம் மார்ச்சு 29ந் தேதி டில்லியில் ஆரம்பிக்கப்பட்டது. அதற்காக எடுத்துக்கொண்ட கட்டடம் ஜெய்ப்பூர் மகாராஜாவின் டில்லி வாசஸ்தலம். பம்பாயில் 1996இல் ஒரு கிளை ஏற்பட்டது. அது பார்சி செல்வர் ஒருவரின் பெயரில் கட்டப்பட்ட மண்டபம். மூன்றாவதான பெங்களூர்க் கட்டடமோ, சுரங்கத் தொழிலில் பெரும்பொருள் ஈட்டிய மாணிக்கவேலு முதலியாரின் மாளிகை. முன்னாளில் இந்த மகாராஜாவின் வீட்டு வாசலில் நீங்களும் நாமும் நின்றிருந்தால் சேவகன் தடியெடுத்து விரட்டியிருப்பான். இன்று சொற்பக் கட்டணம் கொடுத்து, கூடத்தின் நடுவே போய் நின்று, எந்தப் படத்தையும் ஒரு கை தூரத்திலிருந்து பார்க்கலாம். எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும் என்பதை உங்கள் பிறப்பு தீர்மானிப்பதில்லை. உள்ளே போய்த் திரையை விலக்கிக் காட்ட ஓர் ஆளும், அவருக்குத் தட்டில் போடச் சில்லறையும் தேவையில்லை. மூன்று கூடங்களுக்கும் சேர்த்து 17,000க்கு மேற்பட்ட ஓவியங்களும் சிற்பங்களும் அச்சுப் படங்களும் இந்த ஸ்தாபனத்தின் வசத்தில் இருப்பதாகச் சொல்லப்படுகிறது. அத்தனையும் பொதுச்சொத்து.

இத்தகைய இடத்துக்குப் பகுத்தறிவுக்காரன் ஏன் போக வேண்டும் என்றால், அங்கே படத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறு சீட்டு ஒட்டியிருப்பார்கள். வரைந்தவன் பெயர், எதன்மேல் எதைக் கொண்டு வரைந்தான் என்ற விவரம், தெரிந்தால் வருஷம் இவையெல்லாம் அதில் இருக்கும். அந்தச் சீட்டைப் போன்ற பிரசாரம் வேறில்லை என்பது நம் அபிப்பிராயம்.

உதாரணமாக, ராஜா ரவிவர்மாவை எடுத்துக்கொள்ளுவோம். இவர் திருவிதாங்கூரில் கிளிமானூரில் 1848இல் பிறந்து 1906இல் காலமானவர். இவருடைய ஓவியங்களும் இந்தச் சேகரத்தில் உண்டு. நமது வீடுகளிலும் கடைகளிலும், தாமரைப்பூவின் மேல் நான்கு கைகளுடன் நிற்கும் லட்சுமிக்கும், வீணையுடன் உட்கார்ந்திருக்கும் சரஸ்வதிக்கும் ஊதுவத்தி கொளுத்துகிறோம் அல்லவா? அந்த முகமும், அந்தச் சேலைக்கட்டும் பெரும்பாலும் இவர் தந்தவை. ஐரோப்பிய முறைத் தைல வர்ணத்தைப் பழகிக்கொண்டு, உயிருள்ள பெண்களை எதிரே மாதிரியாக வைத்துப் பார்த்து வரைந்தார். 1894இல் பம்பாயில் ஓர் அச்சுக்கூடம் ஏற்படுத்தினார். யந்திரங்கள் ஜெர்மனியிலிருந்து வந்தன. அவற்றை ஓட்டத் தெரிந்தவர்களும் அங்கிருந்தே வந்தார்கள். சில வருஷங்களில் கடன் தொல்லையால் அந்த அச்சுக்கூடத்தையே பிரிட்ஸ் ஷ்லைகர் என்னும் ஜெர்மானியருக்கு விற்றுவிட்டார். அதற்குப் பிறகும் சாமி படங்கள் நிற்காமல் அச்சாகி வந்தன. அனாதி காலமாக நம் முன்னோர் கண்டு வணங்கிய திருவுருவம் என்று நம் தாய்மார்கள் கன்னத்தில் போட்டுக்கொள்ளும் முகத்துக்கு வயது ஒரு 130 இருக்கலாம்; அதை அச்சடித்து விற்று லாபம் பார்த்தவர் ஒரு ஜெர்மன் வியாபாரி!

ரவிவர்மாவின்மேல் நமக்கு யாதொரு கோபமும் இல்லை. அவர் நல்ல தொழிலாளி. படம் என்று சொல்லித்தான் படம் வரைந்தார். கற்பூரம் காட்டியது நாம். அவர் வரலாற்றிலேயே இன்னொரு செய்தியும் இருக்கிறது. சிறு வயதில் அவருக்குத் தைல வர்ணத்தின் வித்தையைச் சொல்லிக்கொடுக்க அரண்மனை ஓவியர் ராமசாமி நாயக்கர் மறுத்துவிட்டாராம். நாயக்கரிடம் வேலை பழகிய ஆறுமுகம் பிள்ளை என்பவர் இரவு நேரத்தில் ரகசியமாக வந்து சொல்லிக்கொடுத்தாராம். வித்தையைப் பூட்டி வைக்கும் புத்தி இந்நாட்டில் ஒரு ஜாதிக்கு மட்டும் சொந்தமானதல்ல போலும்! ராத்திரியில் பூட்டைத் திறந்துவிட்ட அந்த ஆறுமுகத்தின் பெயர் எந்தச் சுவரிலும் இல்லை.

சாமி படத்தோடு நின்றுவிட வேண்டாம். அம்ருதா ஷெர்கில் என்ற பெண்மணி, சீக்கியத் தந்தைக்கும் ஹங்கேரியத் தாய்க்கும் பிறந்தவர், 28 வயதிலேயே இறந்துபோனவர், தென்னாட்டில் சுற்றுப்பயணம் செய்துவிட்டு 1937இல் "பிரம்மசாரிகள்" என்று ஒரு படம் எழுதினார். டில்லிக் கூடத்தில் இருக்கிறது. பூணூலும் வெள்ளை வேட்டியுமாக ஐந்து பையன்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் தலையைச் சுற்றி ஜோதியும் இல்லை, முகத்தில் தேஜசும் இல்லை. சோர்ந்துபோன ஐந்து பிள்ளைகள், அவ்வளவுதான். அதே பயணத்தின் பயனாகச் சந்தைக்குப் போகும் தென்னிந்தியக் கிராமத்து ஜனங்களையும் எழுதினார். பூணூல் போட்ட உடம்புக்கும் கூடை சுமக்கும் உடம்புக்கும் ஒரே அக்கறை, ஒரே வர்ணம். இதை வாயால் சொல்ல நமக்கு எத்தனை மேடைகள் வேண்டியிருக்கின்றன!

ராம்கிங்கர் பைஜ், வங்காளத்துப் பாங்குரா ஊரில் நாவிதர் குடும்பத்தில் பிறந்த பிள்ளை. சிமிண்டையும் சரளைக்கல்லையும் கலந்து, மூட்டை முடிச்சோடு பிழைப்புத் தேடிப் போகும் சந்தால் குடும்பத்தைச் சாந்திநிகேதனத்தில் 1938இல் சிலையாக நிறுத்தினார். இவருடைய வேலைகளும் கலைக்கூடத்தில் உண்டு. நமது சென்னைக் கடற்கரையில், பாறையை நகர்த்தும் நான்கு தொழிலாளிகளின் சிலை 1959 முதல் நிற்கிறது. அதைச் செய்தவர் சென்னைக் கலைப்பள்ளியின் தலைவராயிருந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி. அவருக்கு மாதிரியாக நின்றவர்களில் ஒருவர் அந்தப் பள்ளியின் இராக் காவற்காரர் என்று சொல்வார்கள். ராஜாவுக்கும் ரிஷிக்கும் மட்டுமே உருவம் உண்டு என்றிருந்த நாட்டில், இராக் காவல் காத்தவன் வெண்கலமாகிவிட்டான்.

நிற்க, இவ்வளவு தூரம் புகழ்ந்தோம். இனி அந்த ஸ்தாபனத்தாரைக் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்கிறோம்.

ஜாமினி ராய் என்பவர் பெரிய ஓவியர். மேல்நாட்டு முறையில் பழகியவர், பிறகு அதை விட்டுவிட்டு, வங்காளத்துக் கிராமங்களில் படச்சுருளைக் காட்டிப் பாட்டுப்பாடிப் பிழைக்கும் பட்டுவாக்களின் முறையை எடுத்துக்கொண்டார். அவர் படங்கள் தேசிய நவீன கலைக்கூடத்தில் தொங்குகின்றன, நியாயமே. ஆனால் அவருக்கு முறையைத் தந்த பட்டுவாவின் சுருள் எங்கே? அதற்கு வேறு வீடு. டில்லியிலேயே சற்றுத் தொலைவில் கைவினை மியூசியம் என்று 1956 முதல் ஒன்று இருக்கிறது. அதாவது, படித்தவர் பட்டுவா மாதிரி வரைந்தால் கலை. பட்டுவாவே வரைந்தால் கைவேலை. இவர் கையெழுத்துப் போட்டால் பெயர். அவனுக்குப் பெயரே இல்லை, ஜாதிப் பெயர்தான். இதற்கு வருணாசிரமம் என்றல்லாமல் வேறென்ன பெயர் வைப்பது?

வெறும் பெயர் வித்தியாசந்தானே, இதனால் என்ன கெட்டுப்போயிற்று என்று சிலர் கேட்கலாம். என்ன கெட்டுப்போயிற்று என்று சொல்லுகிறோம். பீகார் நாட்டு மிதிலைப் பகுதியில் பிறந்த கங்கா தேவி என்ற கிராமத்துப் பெண்மணி, சர்க்காரே 1984இல் பத்மஸ்ரீ பட்டம் கொடுத்துக் கௌரவித்த ஓவியர். புற்றுநோய்க்கு டில்லியில் சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்த காலத்தில், அந்தக் கைவினை மியூசியத்தின் அறை ஒன்றில் தங்கள் ஊர்க் கல்யாண வீட்டுச் சித்திரத்தைச் சுவர் சுவராக எழுதினார். 1991இல் இறந்துபோனார். 2015 வாக்கில் புதுப்பிக்கிற வேலை என்ற பெயரில் அந்தச் சுவர்ச் சித்திரம் அழிக்கப்பட்ட செய்தி வெளியாயிற்று. ஷெர்கில் அம்மையாரின் படம் ஒன்றின்மேல் எந்த மேஸ்திரியாவது சுண்ணாம்பு மட்டையை வைத்திருப்பானா? வைக்க எந்த அதிகாரியாவது உத்தரவு போட்டிருப்பாரா? கலை என்று பெயர் வைத்த சுவருக்குக் காவல். கைவேலை என்று பெயர் வைத்த சுவருக்கு வெள்ளையடிப்பு. பெயரில் அடங்கியிருக்கும் விஷயம் இதுதான்.

1972ஆம் வருஷத்துச் சட்டப்படி, காலமான ஓவியர்களின் வேலைகளைத் தேசியக் கலைச்செல்வம் என்று சர்க்கார் அறிவிக்கலாம். அப்படி அறிவித்ததை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக முடியாது. அந்த வரிசையில் ஒன்பது பேர். ரவீந்திரநாதர், அவனீந்திரநாதர், ககனேந்திரநாதர் என்று தாகூர் குடும்பத்தில் மட்டும் மூவர்; நந்தலால் போஸ், ஜாமினி ராய், சைலோஸ் முகர்ஜி; பிறகு ரவிவர்மா, அம்ருதா ஷெர்கில், ருஷியாவிலிருந்து வந்து குடியேறிய நிகோலஸ் ரோரிக். ஆறு பேர் வங்காளிகள், தமிழர் ஒருவருமில்லை என்று நாம் அழப்போவதில்லை. நல்ல ஓவியன் எந்த ஊரானால் என்ன? ஆனால் கிராமத்திலிருந்து கொண்டே எழுதிச் செத்தவன் ஒருவன்கூட இந்த ஒன்பதில் இல்லையே, அது தற்செயலா?

2022 குடியரசு தினத்துக்கு இதே நவீன கலைக்கூடம் நாட்டுப்புற ஓவியர்கள், பழங்குடி ஓவியர்கள் உட்பட 500 பேருக்கு மேல் அழைத்து, மொத்தம் 750 மீட்டர் நீளத்துக்குச் சுருள்கள் எழுதச்செய்து டில்லி ராஜபாதையில் நிறுத்தியது. நல்ல காரியம், மறுக்கவில்லை. ஆயினும் நமக்குத் திருவிழாவின் ஞாபகந்தான் வந்தது. தேர் புறப்படும்போது பறையடிக்கிறவன் வேண்டும். தேர் நிலைக்கு வந்ததும் அவன் தெருக்கோடிக்குப் போய்விட வேண்டும். நாம் கேட்பது வீதியில் இடமல்ல, கூடத்துக்குள்ளே சுவர்.

"குயவன் பாட்டன் செய்த குதிரையையே பேரனும் செய்கிறான், அதில் நவீனம் எங்கே?" என்று கலை விமர்சகர்கள் கேட்பார்கள். எல்லாப் பானையையும் கொண்டுபோய் அடுக்கச் சொல்ல நமக்கு மதி கெட்டுவிடவில்லை. நல்லது கெட்டது பார்க்கத்தான் வேண்டும். ஆனால் பார்க்கிற கண் ஒன்றாக இருக்கட்டும் என்கிறோம். பாட்டன் செய்ததையே பேரன் செய்கிறான் என்று வெளியில் நின்று சொல்லுகிறவர், இரண்டு குதிரைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தாரா? வருஷமும் பெயரும் குறித்து வைத்தாரா? குறிக்காமல் விட்டது யார் குற்றம்?

நம் சென்னை ஓவியர்களே இந்தச் சுவர் பொய்ச்சுவர் என்பதைக் காட்டியிருக்கிறார்கள். கோயமுத்தூரில் 1911இல் பிறந்த கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் படம் விற்றுப் பிழைக்க வழியில்லாமல், பாத்திக் துணி போன்ற கைவேலைகளைச் செய்து விற்று, அந்தப் பணத்தில் நிலம் வாங்கி 1966இல் சோழமண்டலம் கலைக்கிராமத்தை ஏற்படுத்தினார்கள். காலையில் துணிக்குச் சாயம் போட்ட அதே கை மாலையில் திரைச்சீலையில் எழுதியது. எது கலைஞன் கை, எது கைவேலைக்காரன் கை என்று யார் பிரித்துச் சொல்லுவது?

நமது கிருஷ்ணகிரி ஜில்லாவையே பாருங்கள். மல்லச்சந்திரத்துக் கற்திட்டைகளுக்குள் வெள்ளை வர்ணத்தால் மனித உருவங்களைத் தீட்டி வைத்தவன் யார்? ஊர் மாட்டைக் காக்கச் செத்தவனுக்கு வில்லும் வாளும் கொடுத்து நடுகல்லில் செதுக்கியவன் யார்? கிருஷ்ணகிரி மியூசியத்தில் நடுகற்கள் இருக்கின்றன. ஓசூரிலிருந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலே பிடிக்கும். செத்த வீரனின் பெயர் கல்லில் இருப்பதுண்டு, அவன் தலைவன் பெயரும் இருப்பதுண்டு. கல்லைச் செதுக்கியவன் பெயரைத் தேடுவோர் பெரும்பாலும் ஏமாந்துதான் போவார்கள். அந்தக் காலத்தில் பெயரை விட்டார்கள். இந்தக் காலத்திலாவது எழுதிக்கொள்ளுவோமே.

ஆகவே, மத்திய சர்க்காரின் கலாசார இலாகாவுக்கு நாம் சொல்லுவது இது. கலைக்கூடத்துக்கும் கைவினை மியூசியத்துக்கும் இடையில் இருக்கும் சுவரில் ஒரு வாசல் வையுங்கள். ஜாமினி ராயின் படத்துக்குப் பக்கத்தில் பட்டுவாவின் சுருளை, அவன் பெயரோடு மாட்டுங்கள். நிலவறையில் அடுக்கியிருக்கும் ஆயிரக்கணக்கான படங்களில் நல்ல பிரதிகளாவது நூறு எடுத்து, தமிழில் விளக்கம் எழுதி, ஓசூர், கிருஷ்ணகிரிப் பள்ளிக்கூடங்களுக்கும் தொழிற்சாலைச் சாப்பாட்டுக் கூடங்களுக்கும் அனுப்புங்கள். புத்தகத்தை வண்டியில் ஏற்றிக் கிராமத்துக்கு அனுப்ப முடிகிறபோது படத்தை அனுப்ப முடியாதா?

சர்க்கார் செய்யும் வரை நாம் கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. தொழிற்சங்கத் தோழர்கள் வருஷத்துக்கு ஒருமுறை வேன் பிடித்துச் சுற்றுலா போகிறார்கள். அதில் அரைநாளை இதற்கு ஒதுக்கலாம். பெண்டு பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். விடிந்ததும் வாசலில் அரிசி மாவால் கோடு இழுக்கிற பெண்களுக்கு அங்கே நம்மைவிட அதிகம் புரியும். புரியாத படத்துக்கு முன்னால் நின்றால், புரியவில்லை என்று உரக்கவே சொல்லுங்கள். அங்கே அது பாவமல்ல. ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கிறது. திங்கட்கிழமை மட்டும் போய் ஏமாறாதீர்கள், அன்று விடுமுறை.