இதயத்தில் எழுதிய விதியா?

தாராவியில் எங்கள் பக்கத்து வீட்டு அண்ணன், தோல்பை தைப்பவர், சென்ற ஆண்டு 31 வயதில் மாண்டார். இதயச் சுவர் தடித்திருப்பதாக மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். அவர் தம்பியிடம், "நீங்களும் சோதித்துக்கொள்ளுங்கள்" என்றேன்.

"நம்ம சனத்துக்கே ரத்தத்துல கோளாறாம்லே, பேப்பர்ல போட்டிருக்கான். விதியப் போயி டெஸ்ட் பண்ணி என்ன ஆவப்போவுது?" என்றார்.

தோழர்களே, அவரை நான் குறைகூறவில்லை. செய்தி அவருக்குப் பாதிதான் கிடைத்தது. மீதியைத் தமிழில் சொல்லாத நம்மைத்தான் குறைகூறுகிறேன்.

என்ன செய்தி அது? இதயத் தசையைச் சுருக்கி இழுப்பது மயோசின் என்னும் புரதம். அதற்குக் கடிவாளம்போல் நிற்கும் மற்றொரு புரதத்தின் மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டோர் தென்னாசியாவில் நூற்றுக்கு நால்வர். அவர்களுக்கு இதயம் செயலிழக்கும் வாய்ப்பு ஏறத்தாழ ஏழு மடங்கு. ஐதராபாத் உயிரணு மூலக்கூறு உயிரியல் மையத்தைச் சேர்ந்த தங்கராஜ் முதலியோர் 2009-இல் இதை அறிவித்தனர்.

மீதி? சுவர் தடிக்கும் நோயைப் பொறுத்தவரை, அந்த 25 எழுத்துகள் முதற்குற்றவாளி அல்ல என்றது 2020-இல் வந்த ஆய்வு. அதே மரபணுவில், அக்குறையுள்ளோருள் சிலரிடம் மட்டும் உடன்வரும் வேறோர் எழுத்து மாற்றமே காரணமாம். பெரும்பாலோரிடம் அந்தத் துணைவன் இல்லை!

மேலும், மரபணு இருப்பது வேறு. அது படிக்கப்படுவது வேறு. தைராய்டுச் சுரப்பு குன்றிய எலியின் இதயத்தில் விரைவான மயோசின் குறைந்து, மெதுவான மயோசின் ஓங்கும். சுரப்புநீரைக் கொடுத்தால் பழையபடி திரும்பும். மரபணுவில் ஓர் எழுத்தும் மாறவில்லை! இரத்த அழுத்தம் ஏறி இதயம் பளுச் சுமந்தாலும் எலிக்கு மெதுவானதே ஓங்குகிறது. (மனித இதயத்தின் கீழறைகளில் எப்போதுமே மெதுவானதுதான் மிகுதி. ஆய்வுக்கூடத்து எலியை அப்படியே மனிதனாக்கிவிடாதீர்கள்.)

அந்தத் தம்பியின் நிலை வேறு. அவர் நூற்றுக்கு நால்வர் கணக்கில் வருபவரல்லர், நோயுற்றவரின் உடன்பிறந்தவர். குறை பெற்றோர் ஒருவரிடமிருந்து வந்திருந்தால் இவருக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஒரு ஈசிஜி, ஒரு எக்கோ எடுத்தாக வேண்டும். நோய் தெரிந்தால் மருந்துண்டு. திடீர்ச் சாவைத் தடுக்க மார்பில் பொருத்தும் கருவியும் உண்டு. இதையா விதி என்பது?

மாட்டுங்காவில் விழா எடுக்கிறோம், பட்டிமன்றத்தில் கைதட்டுகிறோம். வேண்டாம் என்பேனா? ஒரு ஞாயிற்றுக்கிழமை தாராவிக்கு வந்து இதைத் தமிழில் சொல்லக் கூடாதா என்றுதான் கேட்கிறேன். படங்களை நான் வரைந்து தருகிறேன். அடுத்த பொதுக்குழுவில் முன்மொழியப்போகிறேன், வழிமொழிவோர் யார்?