ரியோவைப் பார்த்தோம் என்போருக்கு

ரியோ டி ஜெனிரோ சென்று திரும்புவோர் பெரும்பாலும் ஒரே படத்தைத்தான் காட்டுகின்றனர்: கொர்கொவாடோ மலையுச்சியில் கைவிரித்து நிற்கும் இயேசு சிலை, அதன்முன் கைவிரித்து நிற்கும் இவர்கள். பள்ளி விடுமுறையில் நானும் சென்றேன். 1931இல் திறக்கப்பட்ட அச்சிலை அழகுதான். ஆனால், அத்துடன் நகரைப் பார்த்துவிட்டதாகச் சொல்வதை என்னால் ஏற்க இயலாது.

துறைமுகப் பகுதியில் வலோங்கோ என்னும் பழைய கப்பல்துறை உள்ளது. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொணரப்பட்டு இங்கு இறக்கப்பட்டோர் ஏறத்தாழ 9 இலட்சம் பேர் என்பது யுனெஸ்கோவின் கணிப்பு. 1843இல் பேரரசி தெரேசா கிறிஸ்தினாவை வரவேற்பதற்காக அதன்மேல் புதிய துறை கட்டி மூடினர். 2011இல் சீரமைப்புப் பணியின்போது அக்கற்கள் மீண்டும் வெளிப்பட்டன. 2017இல் உலக மரபிடமாக அறிவிக்கப்பட்டன. அருகிலேயே, கரையிறங்கியதும் மாண்டோரைப் புதைத்த இடம். 1996இல் ஒரு வீட்டைப் புதுப்பிக்கத் தோண்டியபோது எலும்புகள் கிடைத்தன.

எங்கள் பயண நிரலில் வலோங்கோ இல்லை. கேட்டேன். "வெறும் கல்தானே!" என்றார் வழிகாட்டி. அதே நிரலில், ஃபவேலா எனப்படும் ஏழைக் குடியிருப்புக்கு ஜீப் உலா இருந்தது! 1888இல் அடிமைமுறை ஒழிந்தபோது நிலமின்றிக் கைவிடப்பட்டோரின் வழித்தோன்றல்கள் பலர் அம்மலைச்சரிவுகளில் வாழ்கின்றனர். அதை யாரும் சொல்லவில்லை. குழுவிலிருந்த எவரும் கேட்கவுமில்லை. (ஆசிரியர்களும் இருந்தனர். அதுதான் எனக்கு ஆறவில்லை.) பிறர் வறுமையை விலங்கு பார்ப்பதுபோல் பார்த்துப் படம் பிடிப்பதற்குச் சுற்றுலா என்று பெயராம்!

மறுநாள் தனியே சென்று வலோங்கோவைப் பார்த்தேன். திறந்தவெளி, நுழைவுக் கட்டணமில்லை. அரைமணி நேரம் போதும். கடைத்தெருவுக்கு மூன்று மணி நேரம் ஒதுக்கியிருந்தார்கள்.